ஷூட்ஸைக் கேட்டால் ஒரு வாழ்நாளையே கேட்கலாம்

கேள்வி: ஒரு பரோக் (சுமார் 1600 முதல் 1750 வரையிலான ஐரோப்பிய இசைக்காலம்) இசையமைப்பாளரின் நடை வாழ்நாள் முழுக்க எப்படி மாறியது என்று கேட்டுப் பழக, யாரை எடுத்துக்கொள்ளலாம்?

பாக் என்றுதான் பலரும் சொல்வார்கள். நான் ஜெர்மன் இசையமைப்பாளர் ஹைன்ரிஷ் ஷூட்ஸைச் சொல்வேன். பாக் பிறப்பதற்குச் சரியாக நூறு வருடம் முன்பு, 1585இல் பிறந்தவர். 1672 வரை இருந்தவர். முக்கியமான தொகுப்புகள் பலவற்றைத் தானே அச்சுக்குக் கொடுத்ததால் அவர் போன பாதை ஓரளவு தெளிவாகவே தெரிகிறது. ஆனால் அச்சான ஆண்டும் எழுதிய ஆண்டும் எப்போதும் ஒன்றாக இருக்காது, அதை மட்டும் மனதில் வையுங்கள்.

இளவயதில் வெனிஸுக்குப் போய் அங்கிருந்த இசையமைப்பாளர் ஜியோவானி கப்ரியேலியிடம் படித்தார். 1619இல் வந்த, பைபிளின் சங்கீதப் பாடல்களுக்கு இசையமைத்த ‘தாவீதின் சங்கீதங்கள்’ அந்தப் படிப்பின் விளைச்சல்: எதிரெதிரே நின்று பாடும் பல பாடகர் குழுக்கள், வாத்தியங்கள், ஒரே பிரம்மாண்டம். 1628இல் மறுபடி வெனிஸ். இப்போது அங்கே இன்னொரு பெரிய இசையமைப்பாளரான மான்டெவெர்டியின் காலம். அடுத்த ஆண்டே அச்சான தொகுப்பில், மகன் அப்சலோமை இழந்து பைபிளின் தாவீது ராஜா அழும் பாட்டு இருக்கிறது. ஒரே ஒரு பாஸ் குரல் (ஆழமான ஆண் குரல்), நான்கு டிராம்போன்கள், கீழே ஓர் அடிநாத வாத்தியம், அவ்வளவுதான். ஒரு தகப்பனின் அழுகைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அப்புறம் முப்பதாண்டுப் போர் (1618–1648), ஜெர்மனியின் டிரெஸ்டன் அரசவையில் அவர் நடத்திவந்த இசைக்குழுவையும் நொறுக்கியது. 1636இல் வெளிவந்த ‘சிறிய ஆன்மிகக் கச்சேரிகள்’ தொகுப்பின் முதல் பாட்டில் ஒற்றைக் குரலும் கீழே தாங்கிப்பிடிக்கும் அடிநாத வாத்தியமும்தான். ‘கடவுளே, என்னை விடுவிக்க விரைந்து வாரும்’ என்ற வரி, பேசுகிறவன் அவசரத்தில் திணறுவதுபோல வருகிறது. ஆள் இல்லாததால் சுருங்கிய இசைதான், ஆனால் சொல்லுக்கு உயிர் கொடுக்கும் கலை அவருக்கு இங்கேதான் கூர்மைப்பட்டது என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தக் கூர்மை எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்க்க, 1650இல் அச்சான ‘சவுலே, ஏன் என்னைத் துன்பப்படுத்துகிறாய்’ பாட்டைக் கேளுங்கள். பைபிளில், கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய சவுலை இயேசு அழைக்கும் வார்த்தைகள் இவை. சுமார் நாலு நிமிடம்தான். ‘சவுலே, சவுலே’ என்ற அழைப்பு முதலில் அடியாழத்தில் இரண்டு பாஸ் குரல்களில் எழும். மேலிருக்கும் குரல்களுக்கு ஏறும். வயலின்கள் அதை வாங்கிக்கொள்ளும். திடீரென்று எல்லாக் குழுக்களும் சேர்ந்து முழங்கும். பிறகு அதே பெயர் சத்தமாக, சற்று மெல்ல, மிக மெல்ல என்று எதிரொலிக்கும். வெனிஸின் குழுப் பாட்டும் போர்க்காலத்தின் ஒற்றைக் குரலும் இந்த ஒரே பாட்டில் இருக்கின்றன.

1666இல், எண்பது வயதில், மத்தேயு எழுதிய இயேசுவின் பாடுகளுக்கு (சிலுவை மரணம்வரையான துன்பங்களுக்கு) இசையமைத்தார். வாத்தியமே கிடையாது. காரணம் முதுமை அல்ல. பாடுகளின் நாட்களில் டிரெஸ்டன் அரசவை ஆலயத்தில் வாத்தியம் வாசிக்காத வழக்கம்தான். ‘வயதாக வயதாக எளிமையானார்’ என்று அவசரப்பட்டு முடிவுகட்டவும் முடியாது. 1671இல், கடைசிப் பெரும்பணியாக 119ஆம் சங்கீதத்தை எடுத்தபோது, மறுபடி இரண்டு பாடகர் குழுக்களுக்குத்தான் எழுதினார்.

முதலில் அப்சலோம், பிறகு சவுல், அப்புறம் 1636இன் அந்த ஒற்றைக் குரல் பாட்டு என்று கேளுங்கள். வருட வரிசை இதுவல்ல, ஆனால் காது பழக இந்த வரிசைதான் சுலபம்.