நீலத் துணியில் தோடர் பூவேலை: அசலா, நகலா?

கேள்வி: சென்னையில் நடந்த கைவினைக் கண்காட்சி ஒன்றில் தோடர் பூவேலை போட்ட லேப்டாப் பையைப் பார்த்தேன். வெள்ளைத் துணியில் சிவப்பு, கருப்பு நூல்தான் தோடர் வேலை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இதிலோ நீலத் துணி, மஞ்சள் நூல். "அவங்களே புதுசா செய்றதும்மா" என்றார் விற்றவர். விலை 2,800 ரூபாய். நம்பி வாங்கலாமா?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். துணியைத் திருப்பிப் பாருங்கள்.

நீலகிரியில் தோடர் பழங்குடிப் பெண்கள் இந்த வேலையைப் படம் வரைந்துகொண்டு போடுவதில்லை. துணியை இழுத்துப் பிடிக்கும் வளையமும் கிடையாது. பாவு நூலையும் ஊடை நூலையும் எண்ணி எண்ணித்தான் ஊசியை ஏற்றுகிறார்கள். ஒரு பக்கம் நூல் சின்னச் சின்ன வளையமாக எழும்பி நிற்கும், தடவினால் சொரசொரக்கும். 'பூத்துக்குளி' என்ற தங்கள் போர்வையில் தோடர்கள் வெளியே தெரியும்படி போர்த்துவது அந்தச் சொரசொரப்பான பக்கத்தைத்தான். மறுபக்கமும் ஏறக்குறைய அதே அளவு சுத்தமாக இருக்கும்.

மெஷின் வேலையென்றால் பின்னால் வெள்ளை பாபின் நூல், அதாவது மெஷினின் அடிநூல், ஓடும். பெரும்பாலும் காகிதம் போன்ற ஒட்டுத்துணியும் இருக்கும். அச்சடித்தது என்றால் விரலுக்கு ஒன்றுமே தட்டுப்படாது.

சிக்கல் என்னவென்றால், லேப்டாப் பைக்கு லைனிங் போட்டிருப்பார்கள், பின்பக்கம் தெரியாது. நானே இப்படி ஏமாந்திருக்கிறேன். ஆசையாக வாங்கி வந்த கைப்பையின் லைனிங்கை வீட்டில் ஒரு விரற்கடை பிரித்துப் பார்த்தேன்; உள்ளே வரிசையாக பாபின் நூல். அன்று முழுக்க மனசே சரியில்லை. அதனால், பையாகத் தைக்காத துணி ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். கையால் போட்ட வேலையை விற்பவர் தயங்கமாட்டார். அதற்கு முன் அண்ணா சாலை பூம்புகாரில் தோடர் வேலை இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுங்கள். அந்தத் தொடுகை விரலில் நிற்கும்.

நீலமும் மஞ்சளும் குறையே இல்லை. பூத்துக்குளி போட்ட அதே கைகள் இன்று மொபைல் உறையும் மேசை விரிப்பும் சுவர்ப் படமும் செய்கின்றன. நீலகிரியின் இன்னொரு பழங்குடியான குறும்பர்களைப் பாருங்கள்: சுவரில் தீட்டியவர்கள் இப்போது அதே வேங்கைமரப் பாலைத் தொட்டுக் காகிதத்தில் தீட்டுகிறார்கள். எந்த நிறத்தை எடுப்பது என்பது செய்கிறவரின் உரிமை. நாம் பார்க்க வேண்டியது யார் கை போட்டது என்பதை மட்டும்தான். பூவேலைப் பட்டையை மலையில் போட்டு, பையை வேறு ஊரில் தைத்திருந்தாலும் தப்பில்லை, அதைச் சொல்லி விற்றால்.

விலையைப் பையின் அளவை வைத்துப் பார்க்காதீர்கள். பூவேலை எத்தனை விரற்கடை ஓடுகிறது, எத்தனை நாள் ஆனது என்று கேளுங்கள். பை நிறைய வேலை இருந்தால் 2,800 கொடுக்கலாம். ஓரத்தில் ஒரு கீற்று மட்டும்தான் என்றால் யோசியுங்கள். கை வேலை என்று உறுதியானபின் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.

தோடர் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. நம் கிண்டியில் இருக்கும் பதிவகம் கொடுத்ததுதான். மெஷின் வேலையை அந்தப் பெயரில் விற்க யாருக்கும் உரிமை இல்லை. எனவே பில்லில் வெறுமனே 'பை' என்று எழுத விடாதீர்கள். 'தோடர் கைப்பூவேலை' என்று எழுதி வாங்குங்கள். பிறகு பொய்யென்று தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் போடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்: இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. அங்கே உங்களுக்காகப் பேசப்போவது அந்த பில்தான்.