தீயில் எரிந்த பற்றைக்காடு மீண்டும் தளிர்க்குமா, வேரோடு அகற்றிவிட வேண்டுமா?

வன்னியிலுள்ள குடும்பக் காணியில் பற்றைகள் முழுவதும் எரிந்துவிட்டன, அவற்றைத் தோண்டி எறிந்துவிட்டு மரக்கன்று நடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப் போலக் கொழும்பில் இருந்துகொண்டு, ஊரிலிருந்து யாரோ கைபேசியில் அனுப்பிய கரிக்கட்டைப் படங்களைப் பார்த்துத்தான் இதை எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு மாரி முடியும்வரை அந்தக் காணிக்குள் பெக்கோ என்ற மண் அள்ளும் இயந்திரத்தை இறங்க விடாதீர்கள் என்பதே என் பதில்.

உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் கற்பித்து ஓய்வுபெற்று, இப்போது வெள்ளவத்தையில் வசிக்கிறேன். கிளிநொச்சிப் பக்கத்தில் எங்களுக்கு நான்கு ஏக்கர் காணி இருக்கிறது. 2020 மாசியில், பக்கத்துக் காணியில் குப்பைக்கு வைத்த நெருப்பு காற்றில் தாவி, எங்கள் பற்றைகளை ஒரே பிற்பகலில் கரியாக்கிவிட்டது. காணி எப்படியும் செத்துவிட்டது, துப்புரவாக்கிவிடுவோம் என்று என் மைத்துனர் பெக்கோவை வாடகைக்குப் பிடித்தார். எத்தனையோ ஆண்டுகள் இதே பாடத்தைக் கற்பித்த நானும், அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டினேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். பாதிக் காணி சுரண்டி முடிந்திருந்த நிலையில், பங்குனி 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. வேலை அத்துடன் நின்றுபோனது.

மறு ஆண்டு மாசியில்தான் போய்ப் பார்க்க முடிந்தது. பெக்கோ தொடாத பாதியில் சூரையும் கிளாவும் வீரையும் அடிக்கட்டையைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் தளிர்விட்டு இடுப்பளவுக்கு நின்றன. கருகிய வேம்பின் தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிளைகள் கிளம்பியிருந்தன. சுரண்டிய பாதியில் பார்த்தீனியமும் கினிப் புல்லும் தவிரச் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. பிடுங்கிய பற்றைகளைக் குவித்துக் கொளுத்திய மூன்று இடங்களில் அந்தப் புல்கூட முளைத்திருக்கவில்லை.

மண் வெப்பத்தை எளிதில் கடத்தாது. பற்றையில் விரைந்து பரவும் தீயின்போது, மேற்பரப்பில் பல நூறு பாகை வெப்பம் இருந்தாலும் சில அங்குலம் கீழே வேரைக் கொல்லும் அளவுக்குப் பெரும்பாலும் சூடேறுவதில்லை. அங்கே, தண்டும் வேரும் சேருமிடத்தில் உறங்கும் அரும்புகளும் வேரில் சேமித்த மாப்பொருளும் தப்பிவிடுகின்றன. மேலே இலையும் கிளையும் அழிந்ததும் அந்த அரும்புகள் விழித்துக்கொள்கின்றன. குவியலாகப் போட்டு மணிக்கணக்கில் புகையவிட்டால் வெப்பம் ஆழமாக இறங்கி எல்லாவற்றையும் கொன்றுவிடும். பெக்கோவோ அரும்பையும், விதைகள் கிடக்கும் மேல்மண்ணையும் சேர்த்தே அள்ளிச் செல்கிறது. காணிக்கு நெருப்பைவிட அதுவே பெரிய இழப்பு.

விதையால் மீளும் செடிகளும் உண்டு. ஆவரை போன்றவற்றின் விதைத்தோல் நீர் புகாத அளவுக்குக் கடினமானது. இபில் இபில் மரத்தின் விதையை, அந்தத் தோல் இளகி நீர் புகுவதற்காக, நடுமுன் சுடுநீரில் போடுவதைப் பார்த்திருப்பீர்கள், மண்ணுக்குள் இறங்கும் மிதமான சூடும் அதே வேலையைச் செய்யக்கூடியது. தென்னாபிரிக்க, அவுஸ்திரேலியப் பற்றைக்காடுகளில் புகையே சில விதைகளை எழுப்புகிறது. அதற்குக் காரணமான ஒரு சேர்மத்தை மேற்கு அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2004இல் இனங்கண்டார்கள். அந்த வகைச் சேர்மங்களுக்குப் பின்னர் கரிக்கின் என்று பெயரிட்டார்கள். அங்குள்ள நூங்கார் மக்களின் மொழியில் புகையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நம் ‘கரி’யோடு அதற்கு உறவு கற்பித்து யாரும் இங்கே எழுதிவிட வேண்டாம்.

தீ வைப்பது நல்லது என்று நான் சொல்வதாகவும் யாரும் திரிக்க வேண்டாம். ஒவ்வொரு முறை எரியும்போதும் வேரின் சேமிப்புக் கரைகிறது. இளஞ்செடி காய்த்து விதை உதிர்க்குமுன் மறுபடியும் எரிந்தால், விதையை மட்டும் நம்பிய இனம் அந்த இடத்திலிருந்தே போய்விடும். கலிபோர்னியாவில் அடிக்கடி எரியும் பற்றைக்காடுகள் வெளிநாட்டுப் புல்வெளியாக மாறிவருவது இப்படித்தான். நம் நாயுண்ணியும் எரிந்த பின் அடியிலிருந்து நன்றாகத் தளிர்க்கும் என்பதால், வருவதெல்லாம் வேண்டிய செடியாக இருக்கும் என்றும் உறுதி தரமாட்டேன். பனைக்கு இந்தக் கணக்கே வேறு. அதற்கு உச்சியில் ஒரேயொரு குருத்துத்தான். அது தப்பினால் கருகிய மரமும் வாழும், அது போனால் தூரிலிருந்து தளிர்க்க வழியில்லை. போர்க்காலச் செல்லடியில் தலையிழந்து நின்ற பனைகள் ஒன்றுகூட மீளாததும், அவற்றின் காலடியில் கிடந்த சூரை மீண்டு வந்ததும் இதனால்தான்.

ஆகவே ஊரிலுள்ள ஒருவரிடம், அடித்தண்டின் பட்டையை நகத்தால் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. பச்சை இல்லாவிட்டாலும் மண்ணுக்கடியில் அரும்பு இருக்கலாம் என்பதால் ஐப்பசி, கார்த்திகை மழைவரை பொறுங்கள். அதற்குள் வேலியை அடைத்து ஆடுமாடு நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முதல் தளிரை அவை விட்டுவைக்கா. மழைக்குப் பிறகும் வெறுமையாகக் கிடக்கும் இடங்களில் மட்டும் கன்று நடுங்கள். என் மைத்துனர் இன்றும், ஊரடங்கு வராதிருந்தால் முழுக் காணியும் துப்புரவாகியிருக்கும் என்று குறைபட்டுக்கொள்கிறார்.