தரநிலையும் தகராறும்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். என் மகள் பெங்களூரில் கணினி வலைப்பின்னல் சார்ந்த நிறுவனம் ஒன்றில் பணியாற்றுகிறாள். சில இரவுகளில் வெளிநாட்டவர்களுடன் நெடுநேரம் கூட்டத்தில் இருப்பாள். கேட்டால் ‘இணையத்துக்குத் தரநிலை எழுதுறோம்’ என்பாள். விளக்கச் சொன்னபோது ஒரு தாளில் பெட்டிகளையும் அம்புக்குறிகளையும் வரைந்து காட்டினாள். தகவல் துண்டு துண்டாகப் போகிறது என்பதற்கு மேல் எனக்கு எதுவும் விளங்கவில்லை. ‘இது டெக்னிக்கல் அப்பா, விடுங்க’ என்று முடித்துக்கொண்டாள். மின்சாரம் எப்படி உற்பத்தியாகிறது என்று தெரியாமலேயே விளக்கைப் போடுகிறோம். இதையும் அப்படியே விட்டுவிடலாமா? இன்னொரு ஐயம்: எந்த நாட்டு மக்களும் தேர்ந்தெடுக்காத இவர்களுக்கு, உலகத்துக்கே விதி எழுதும் அதிகாரத்தை யார் கொடுத்தார்கள்?

அன்புடன்,
ரா., விருதுநகர்

அன்புள்ள ரா. அவர்களுக்கு,

உங்கள் மகள் வரைந்த படத்தில் பிழை எதுவும் இருந்திருக்காது. ஆனால் இத்துறையினர் பொதுமக்களிடம் பேசத் தொடங்கும்போதெல்லாம் எது எப்படி இயங்குகிறது என்பதிலிருந்தே ஆரம்பிக்கிறார்கள். கேட்பவர் சலிப்படைந்ததும் தபால்காரர், நெடுஞ்சாலை என்று உவமைகளுக்குத் தாவுகிறார்கள். விளக்கம் முடியும்போது கேட்டவருக்குத் தபால்காரரைப் பற்றித்தான் தெரிந்திருக்கும். அது அவருக்கு முன்பே தெரிந்த செய்தி. என் பார்வையில், இணையத் தரநிலை (கணினிகள் ஒன்றோடொன்று பேசப் பின்பற்றும் பொது விதி) ஒவ்வொன்றும் வெவ்வேறு தேவைகள் கொண்டவர்கள் வாதாடி எட்டிய முடிவின் பதிவு. ஓர் உடன்படிக்கையைப் பாடமாக நடத்தும்போது யார் எதைக் கேட்டார்கள், யாருக்கு அது மறுக்கப்பட்டது என்பதிலிருந்துதானே நீங்கள் தொடங்கியிருப்பீர்கள்? இதையும் அங்கிருந்தே தொடங்கலாம்.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் வங்கியின் இணையப்பக்க முகவரி ‘எச்டிடிபிஎஸ்’ என்று தொடங்குகிறது. அதன் கடைசி எழுத்து, உங்களுக்கும் வங்கிக்கும் இடையே செல்லும் தகவல் மறையாக்கம் செய்யப்படுகிறது, அதாவது பிறர் படிக்க முடியாதபடி மாற்றப்படுகிறது என்பதற்கான அடையாளம். அந்த மறையாக்கத்துக்கான தரநிலையின் பெயர் டிஎல்எஸ். இத்தகைய தரநிலைகளை எழுதும் ஐஇடிஎஃப் எனப்படும் இணையப் பொறியியல் பணிக்குழு அதன் 1.3 பதிப்பை, ஏறத்தாழ நான்கு ஆண்டு உழைப்புக்கும் 28 வரைவுகளுக்கும் பிறகு, 2018 ஆகஸ்டில் வெளியிட்டது.

பழைய பதிப்புகள் அனுமதித்த ஒரு முறையில், வங்கியின் கணினியிடம் நிரந்தரமான சாவி ஒன்று இருக்கும். ஒவ்வோர் இணைப்பின் தகவலையும் மறைக்கப் பயன்படும் இரகசியம், அந்தச் சாவியால் மட்டுமே திறக்கக்கூடிய வகையில் பூட்டி அனுப்பப்படும். கேட்பதற்குப் பாதுகாப்பாகத்தான் தோன்றுகிறது. ஆனால் யாராவது இன்றைய போக்குவரத்தை, அதாவது இணைப்பில் செல்லும் தகவல்களை, படிக்க முடியாத நிலையிலேயே பதிவுசெய்து வைத்துக்கொண்டு, ஐந்தாண்டு கழித்து அந்தச் சாவியைத் திருடினாலோ மிரட்டிப் பெற்றாலோ, அந்த ஐந்தாண்டுப் பதிவு முழுவதையும் ஒரே நாளில் படித்துவிடலாம். உளவு அமைப்புகள் இணையப் போக்குவரத்தை எவ்வளவு பெரிய அளவில் சேகரிக்கின்றன என்பதை 2013இல் அமெரிக்க உளவு அமைப்பின் ஒப்பந்தப் பணியாளராக இருந்த எட்வர்ட் ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த ஆவணங்கள் காட்டிய பிறகு, இதை வெறும் கற்பனை என்று ஒதுக்க முடியவில்லை. பரவலான கண்காணிப்பும் ஒரு தாக்குதலே என்று 2014 மே மாதம் தன் 7258ஆம் எண் ஆவணத்தில் ஐஇடிஎஃப் அறிவித்தது. டிஎல்எஸ் 1.3 அந்தப் பழைய முறையையே நீக்கிவிட்டது. புதிய முறையில் ஒவ்வோர் இணைப்புக்கும் தனியாக இரகசியம் உருவாக்கப்பட்டு, வேலை முடிந்ததும் அழிக்கப்படும்.

தகராறு இங்கேதான் வந்தது. அமெரிக்க நிதி நிறுவனங்களின் தரப்பிலிருந்து, பழைய முறையைக் கைவிட வேண்டாம் என்று 2016இல் கோரிக்கை எழுந்தது. அவர்கள் தங்கள் தரவு மையங்களுக்குள் நிரந்தரச் சாவியின் நகலைக் கண்காணிப்புக் கருவிகளுக்குக் கொடுத்து, உள்ளே ஓடும் போக்குவரத்தைப் படித்துவந்தார்கள். மோசடியைக் கண்டுபிடிக்கவும், பழுதின் காரணத்தைத் தேடவும், ஒழுங்குமுறை அமைப்புகளுக்குக் கணக்குக் காட்டவும் அது தேவை என்பது அவர்கள் வாதம். இவற்றில் எதுவும் கெட்ட நோக்கம் அல்ல என்பதைக் கவனியுங்கள். எதிர்த்தரப்பு சொன்னது இது: வங்கியின் சுவருக்குள் மட்டும் செல்லுபடியாகும் சலுகை என்று ஒன்றைத் தரநிலையில் எழுத முடியாது, எழுதினால் அது உலகம் முழுவதற்கும் உரியது, எந்த அரசும் எடுத்துக்கொள்ளலாம். 2017இல் பிராக் நகரிலும் 2018இல் லண்டனிலும் நடந்த கூட்டங்களில் வெவ்வேறு முன்மொழிவுகள் விவாதிக்கப்பட்டன, இசைவு ஏற்படவில்லை. பின்னர் ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தரநிலை நிறுவனம் நிறுவனங்களின் உள்பயன்பாட்டுக்கென்று ஒரு மாறுபட்ட வடிவத்தைத் தனியாக வெளியிட்டது. ஐஇடிஎஃப் மறுத்தது சரி என்றே நான் நினைக்கிறேன். மறுத்ததால் அந்நிறுவனங்களுக்கு உண்மையாகவே செலவு கூடியது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்த விளக்கம் பிரச்சாரமாகிவிடும்.

இதைப் புரிந்துகொள்ள உங்களுக்குக் கணிதம் தேவைப்படவில்லை. மின்விளக்கு உவமைக்கும் விடை இதில் இருக்கிறது. மின்னழுத்தம் தவறினால் விளக்கு உடனே காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கூட்டங்களில் முடிவு மாறிப்போயிருந்தாலோ, உங்கள் வங்கிப் பக்கம் இன்று இருப்பது போலவே திறந்திருக்கும், உங்களுக்கு எந்த வேறுபாடும் தெரிந்திருக்காது. பயன்படுத்துபவர் தம் அனுபவத்தால் உணர வழியில்லாத இத்தகைய முடிவுகளை யாராவது எடுத்துச் சொன்னால்தான் உண்டு. உங்கள் மகளிடம் அடுத்தமுறை ‘இது எப்படி வேலை செய்கிறது’ என்று கேட்காமல், ‘இந்த வாரம் எதில் ஒத்துப்போகவில்லை, யார் எதை எதிர்த்தார்கள்’ என்று கேட்டுப்பாருங்கள்.

அதிகாரம் பற்றிய உங்கள் கேள்வி கடினமானது. 1986 ஜனவரியில் சான் டியேகோவில் 21 பேர் கூடியதே ஐஇடிஎஃபின் முதல் கூட்டம். இன்றும் அதற்கு உறுப்பினர் பட்டியல் கிடையாது. விரும்பும் எவரும் விவாதத்தில் சேரலாம், வரைவுகளும் கூட்டக் குறிப்புகளும் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. அரசர்களையும் அதிபர்களையும் வாக்கெடுப்பையும் தாங்கள் ஏற்பதில்லை, ஏறத்தாழ எட்டப்பட்ட இசைவையும் ஓடிக்காட்டும் நிரலையுமே நம்புகிறோம் என்று இணையத்தின் தொடக்ககால வடிவமைப்பாளர்களில் ஒருவரான டேவிட் கிளார்க் 1992இல் சொன்னதை அவர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். கூட்டத்தின் போக்கை அறியக் கை உயர்த்தச் சொல்லாமல், ‘ம்ம்ம்’ என்று முனகச் சொல்லிக் கேட்கும் பழக்கமும் அங்கு உண்டு. எண்ணிக்கையைவிட, பதில் கிடைக்காத எதிர்வாதம் ஏதேனும் எஞ்சியிருக்கிறதா என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். இதில் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் ஒரே ஆவணத்தின் மேல் நான்கு ஆண்டு வாதாடும் பொறுமைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் சம்பளம் இருக்கிறது. தனிநபராகவே பங்கேற்கிறார்கள் என்ற விதி அந்த உண்மையை மாற்றிவிடுவதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு அவர்கள் எழுதும் விதி யாரையும் கட்டாயப்படுத்தாது. உலாவியையும் (பக்கங்களைத் திறக்கும் செயலி), வழங்கியையும் (பக்கங்களை அனுப்பும் கணினி), இரண்டுக்கும் நடுவே நின்று போக்குவரத்தைச் சோதிக்கும் இடைக்கருவிகளையும் செய்பவர்கள் ஏற்றால்தான் அது உயிர்பெறும். சோதனையின்போது, தாங்கள் அறியாத பதிப்பெண்ணைக் கண்ட சில இடைக்கருவிகள் இணைப்பையே துண்டித்தன. அதனால் டிஎல்எஸ் 1.3 இன்றுவரை, பழைய பதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் 1.2க்குரிய எண்ணையே எழுதிக்கொண்டு பேச்சைத் தொடங்குகிறது. விதி எழுதியவர்கள், விதியைச் சரியாகப் படிக்காத பெட்டிகளுக்கு வளைந்துகொடுத்த கதை இது.

தமிழருக்கு நெருக்கமான எடுத்துக்காட்டும் உண்டு. மின்னஞ்சல் முகவரியைத் தமிழ் உள்ளிட்ட எழுத்துகளில் அமைப்பதற்கான ஐஇடிஎஃப் தரநிலை 2012இலேயே வந்துவிட்டது; .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று முடியும் தமிழ் முகவரிகளும் இருக்கின்றன. ஆயினும் அத்தகைய மின்னஞ்சல் முகவரியை இன்றும் பல இணையப் படிவங்கள் தவறானது என்று திருப்பி அனுப்புகின்றன. படிவத்தை எழுதிய நிரலாளர், முகவரி என்றால் ஆங்கில எழுத்துகள்தான் என்று முடிவு செய்துவிட்டதே பெரும்பாலும் காரணம். அந்தப் புகாரைத் தரநிலை எழுதியவர்களிடம் கொண்டுபோய்ப் பயனில்லை. படிவத்தை வைத்திருக்கும் அலுவலகத்துக்குத்தான் எழுத வேண்டும்.

அன்புடன்.