சிறுத்தைய விடுங்க, கரி அடுப்பைப் பாருங்க: வாசகர் கேள்வி பதில்

பொங்கல் லீவு நெருங்குதுல்ல, இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல பிள்ளைங்களோட டென்ட்ல தங்குறது பத்திதான். ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேர்த்து பதில் சொல்லிருக்கேன்.

எங்க பையனுக்கு 8 வயசு, பொண்ணுக்கு 4. ஏற்காடு பக்கம் காட்டுக்குள்ள நாமளே டென்ட் போட்டு தங்கலாம்னு வீட்டுக்காரர் ஆன்லைன்ல டென்ட்டே வாங்கி வெச்சிட்டார். ரிசார்ட்டுக்கு எதுக்கு தண்டமா காசு குடுக்கணும்ங்கறார். போலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

டென்ட் வாங்கினது தப்பில்லைங்க, காட்டுக்குள்ளங்கறதுதான் தப்பு. ரிசர்வ் ஃபாரஸ்ட்ல வனத்துறை அனுமதி இல்லாம நுழையறதே குத்தம், அதுல ராத்தங்கி நெருப்பு வேற மூட்டினா கேஸ்தான். இது சும்மா ரூல்ஸ் பேசறதுக்காக சொல்லலை. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில ட்ரெக்கிங் போனவங்க காட்டுத்தீயில சிக்கி 20 பேருக்கு மேல இறந்து போனாங்க, பெரும்பாலும் ஓடியாடக்கூடிய பெரியவங்க, அவங்களாலயே தப்பிக்க முடியலைன்னா 4 வயசு குழந்தைய தூக்கிட்டு நீங்க எங்க ஓடுவீங்க?

முதல் தடவைன்னா உங்க வீட்டு மொட்டை மாடியில ஒரு ராத்திரி அந்த டென்ட்டைப் போட்டு படுங்க, நிஜமாத்தான் சொல்றேன். ஜிப் சரியா மூடுதா, பொண்ணு இருட்டுல அழறாளா, ராத்திரி எத்தனை தடவை எழுப்பறா, எல்லாம் அங்கயே தெரிஞ்சிடும். பிடிக்கலைன்னா படி இறங்கி ரூமுக்குப் போயிடலாம். அதுக்கப்புறம் ஏலகிரி, ஏற்காடு மாதிரி பக்கத்து மலையில பட்டா நிலத்துல முறையா லைசென்ஸ் வாங்கி நடத்துற கேம்ப் பாருங்க. புக் பண்ணும்போது வியூ எப்படி இருக்கும்னு கேக்காதீங்க, வியூ பெரியவங்களுக்குத்தான், பிள்ளைங்களுக்கு மண்ணும் குச்சியும் போதும். நீங்க கேக்க வேண்டியது கார் டென்ட் பக்கத்துல வரைக்கும் வருமா, ராத்திரி முழிச்சிருக்க ஆள் இருக்காங்களா, பாத்ரூம் எத்தனை அடி தூரம், பக்கத்துல 24 மணி நேர ஆஸ்பத்திரி எது, போன் சிக்னல் எந்த கம்பெனிக்குக் கிடைக்கும், இதைத்தான். இதுக்கு மழுப்பலா பதில் சொன்னா அந்த இடம் வேண்டாம்.

காடு பாத்தே ஆகணும்னா பகல்ல போங்க. தமிழ்நாடு அரசே 2024-ல ட்ரெக் தமிழ்நாடுன்னு 40 ரூட் திறந்து ஆன்லைன்ல புக்கிங் வெச்சிருக்கு, கூட கைடு வருவாங்க. அதுல ஈஸின்னு போட்டிருக்கற ரூட்டா பாத்து எடுங்க, எந்த வயசுல இருந்து விடுவாங்கன்னும் பாத்துக்கங்க. தீ சீசன்ல மூடிடுவாங்க, அதனால பிப்ரவரி பாதிக்குள்ள போயிட்டு வந்துடறது நல்லது.

மாமியார் "பாம்பு வரும், பிள்ளைய தரையில படுக்க வைக்காதே"ன்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. அவங்களை எப்படி சமாதானப்படுத்தறது?
- வாசகி, திருவண்ணாமலை

சமாதானப்படுத்தாதீங்க, அவங்க சொல்றதுல விஷயம் இருக்கு. நம்ம ஊர்ல உயிருக்கு ஆபத்தானதுன்னு பெரும்பாலும் நாலு பாம்பைத்தான் சொல்வாங்க: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இதுல கட்டுவிரியன் ராத்திரி ஆசாமி, தரையில பாய் போட்டு தூங்கறவங்க படுக்கைக்கே வரும், கடிச்சா பல நேரம் வலியே இருக்காது, விடியக்காலையில வயிறு வலிக்குது, கண்ணு சொருகுதுன்னுதான் தெரிய வரும். ஆனா ஒண்ணு, அடியில துணியோட சேத்து தைச்ச டென்ட்டை ஜிப் முழுசா மூடி வெச்சீங்கன்னா அது திறந்த திண்ணையில படுக்கறதை விட நல்ல பாதுகாப்பு. சாயங்காலம் ஆறு மணிக்கே ஜிப்பை மூடிடுங்க, "காத்து வரட்டும்"னு திறந்து வெச்சிட்டு சாப்பிடப் போறதுதான் பிரச்சினை. காத்துக்கு வலை போட்ட ஜன்னல் இருக்கும். கல்லு குவியல், விறகு அடுக்கு, புத்து, இதுக்குப் பக்கத்துல டென்ட் போடாதீங்க. பிஸ்கட், பழம் எதுவும் உள்ள வேண்டாம், எலி வந்தா பின்னாடியே அதைத் தேடி பாம்பு வரும். ராத்திரி எழுந்தா டார்ச்சும் ஷூவும் இல்லாம ஒரு அடி கூட வைக்கக்கூடாது, காலையில ஷூவைத் தட்டிட்டுத்தான் போடணும், தேள் உக்காந்திருக்கும். செந்தேள் கொட்டினா பெரியவங்க பெரும்பாலும் தாங்கிப்பாங்க, குழந்தைங்களுக்கு வேர்த்துக் கொட்டி, வாந்தி வந்து, கை கால் சில்லுன்னு ஆச்சுன்னா அது இதயத்தைப் பாதிக்கற அறிகுறி, உடனே கிளம்பணும்.

கடிச்சிடுச்சுன்னா? இறுக்கிக் கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, வாயால உறியாதீங்க, பச்சிலை தேடாதீங்க. குழந்தைய நடக்க விடாம, கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிஞ்சா கட்டற மாதிரி குச்சி வெச்சு அசையாம, இறுக்காம கட்டி, குழந்தைய தூக்கிட்டு நேரா அரசு ஆஸ்பத்திரி, 108-க்கு போன் பண்ணிக்கிட்டே காரை எடுங்க. பாம்பை அடிச்சு கவர்ல போட்டு கொண்டு போகணும்னு இன்னும் நிறைய பேர் நினைக்கறாங்க, வேண்டவே வேண்டாம், நம்ம நாட்டுல குடுக்கற விஷமுறிவு மருந்து அந்த நாலுக்கும் சேத்துதான். (அந்த மருந்துக்கு விஷம் எடுத்துக் குடுக்கறதுல பெரிய பங்கு சென்னை பக்கம் வடநெம்மேலியில இருக்கற இருளர் கூட்டுறவு சங்கத்துக்கு உண்டு, ஊருக்குத் திரும்பற வழின்னா பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் காட்டுங்க.)

கொடைக்கானல்ல டென்ட் புக் பண்ணிருக்கோம். குளிருக்கு ராத்திரி பார்பிக்யூ கரி அடுப்பை தணல் மட்டும் வெச்சு உள்ள வெச்சுக்கலாமா? புகை வராதாமே?
- வாசகர், கோவை

வேண்டவே வேண்டாம் சார். புகை வராத தணல்தான் ஆபத்தே. எரியற கரியில இருந்து கார்பன் மோனாக்சைடு வரும், வாசனை கிடையாது, கண்ணு எரியாது, தூக்கத்துலயே மயக்கம், அப்படியே போயிடுவாங்க, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வெச்சா போதும்ங்கறதும் பொய். கேஸ் அடுப்பும் உள்ள வேண்டாம், மெழுகுவர்த்தியும் வேண்டாம், டென்ட் துணி நைலான், பத்திக்கிட்டா உருகி ஒட்டும். எனக்கு இத்தனை கேள்வி வருது, சிறுத்தை வருமா யானை வருமான்னு கேக்காதவங்க இல்ல, அடுப்பைப் பத்தி கேட்டது நீங்க ஒருத்தர்தான், அதுக்கே உங்களுக்கு நன்றி.

குளிருக்கு வழி வேற. மலையில 1000 மீட்டர் ஏறினா சுமார் 6 டிகிரி குறையும், கொடைக்கானல் 2100 மீட்டர் உயரத்துல இருக்கு, கணக்கு போட்டுக்கங்க. மேல எத்தனை போர்வை போத்தினாலும் சூட்டை உறிஞ்சறது அடியில இருக்கற தரைதான், அதனால கீழ தடிமனான ஃபோம் மேட், அதுக்கு மேல ஜமுக்காளம். பகல் பூரா வேர்வையில ஊறின பனியனோட பிள்ளைய படுக்க வைக்காதீங்க, உள்ள இருந்து சாக்ஸ் வரைக்கும் காஞ்ச துணியா மாத்துங்க, தலைக்கு குல்லா. கைக்குழந்தைன்னா கனமான கம்பளிய முகம் வரைக்கும் போத்தாதீங்க, துணிய அடுக்கா போடுங்க. 2 வயசுக்குக் கீழ இருந்தா டிசம்பர் ஜனவரியில கொடைக்கானல் டென்ட்டே வேண்டாம், ரூம் எடுங்கன்னுதான் சொல்வேன், கோவிச்சுக்காதீங்க.

வெளியில போடற கேம்ப் ஃபயருக்கும் ஒரு வார்த்தை. டென்ட்ல இருந்து குறைஞ்சது 15 அடி தள்ளி, பக்கத்துல ஒரு வாளி தண்ணி, ஒரு பெரியவர் அதையே பாத்துட்டு இருக்கணும். முடிஞ்சதும் மண்ணு போட்டு மூடாதீங்க, மண்ணுக்கு அடியில கங்கு காலை வரைக்கும் சூடா இருக்கும், வெறுங்காலோட ஓடி வர்ற பிள்ளை அதுலதான் மிதிக்கும். தண்ணி ஊத்தி, கிளறி, மறுபடி ஊத்துங்க. சுட்டுக்கிச்சுன்னா 20 நிமிஷம் சாதா தண்ணியில காட்டுங்க, பேஸ்ட், இங்க், காபித்தூள் எதையும் அப்பாதீங்க.

டென்ட் பக்கத்துலயே ஓடை, அருவி இருக்காம். பிள்ளைங்களுக்கு நீச்சல் கொஞ்சம் தெரியும். குளிக்க விடலாமா?
- வாசகி, மதுரை

கொஞ்சம் தெரியுங்கறது தெரியாதுங்கறதை விட மோசம். மலை ஓடையில பாசி வழுக்கும், ஆழம் அடிக்கு அடி மாறும். நீங்க நிக்கற இடத்துல வெயில் அடிக்கும், மேல மலையில மழை பெய்யும், அஞ்சு நிமிஷத்துல காட்டாறு இறங்கிடும், 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல 17 வயசு பையன் அடிச்சுட்டுப் போனது அப்படித்தான். தண்ணி திடீர்னு கலங்கினாலோ, இலை சருகு மிதந்து வந்தாலோ, சத்தம் கூடினாலோ துணிய எடுக்காம மேட்டுக்கு ஏறுங்க. முழங்கால் அளவுக்கு மேல இறங்க வேண்டாம், கை எட்டற தூரத்துல ஒரு பெரியவர், அவர் கையில போன் இருக்கக் கூடாது, தண்ணியும் போட்டிருக்கக் கூடாது (நான் சொல்றது ஆத்துத் தண்ணி இல்ல). அதே காரணத்துக்காக ஓடைப் படுகையில டென்ட்டும் போடாதீங்க.

இடி கேட்டா டென்ட் எந்த பாதுகாப்பும் இல்ல, தனி மரத்தடி அதை விட மோசம். கார்ல ஏறி கண்ணாடிய மூடிக்கங்க, கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் கழிச்சு இறங்குங்க.

என் 6 வயசு பொண்ணு வெளி டாய்லெட்னா அடக்கிக்குவா. என்ன பண்றது?
- வாசகி, தஞ்சாவூர்

அவ குழந்தையில உக்காந்து போன பழைய பிளாஸ்டிக் டாய்லெட் சீட்டையே டிக்கில போட்டுட்டுப் போங்க, ராத்திரி டென்ட் வாசல்லயே முடிஞ்சிடும். யாரும் சிரிக்க மாட்டாங்க, பெரியவங்களே பொறாமைப்படுவாங்க.

போன் இல்லாம பையன் ரெண்டு நாள் இருப்பானா? 11 வயசு.
- வாசகர், வேலூர்

முதல் ரெண்டு மணி நேரம் மூஞ்சிய தூக்குவான். அவனுக்கு வேலை குடுங்க சார், டென்ட் ஆணி அடிக்கறது, டார்ச்சுக்கு பொறுப்பு, தம்பிய பாத்ரூம் கூட்டிப் போறது. நீங்க வேலூர்னா ஜவ்வாது மலை பக்கம்தான், காவலூர்ல வைணு பாப்பு வானாய்வகம் இருக்கு, 2.3 மீட்டர் டெலஸ்கோப், 1986-ல இருந்து ஓடுது. சனிக்கிழமையில பொதுமக்களை விடறது வழக்கம், கிளம்பறதுக்கு முன்னாடி கேட்டுக்கங்க. அமாவாசை ஒட்டி போனா வெறும் கண்ணுக்கே வானம் அள்ளிக் கொட்டும். ஜனவரியில இருட்டினதும் கார்த்திகை கூட்டம் உச்சியில இருக்கும், பக்கத்துல சிவப்பா ரோகிணி, கொஞ்சம் கீழ திருவாதிரை. வீட்ல யார் யார் எந்த நட்சத்திரம்னு ஜாதகத்துல பாத்து வெச்சுட்டுப் போங்க, தன்னோட நட்சத்திரத்தைத் தேடுற பையன் போனைக் கேக்க மாட்டான்.

போயிட்டு வந்து பத்து நாள் ஆச்சு, இப்ப பையனுக்கு மூணு நாளா காய்ச்சல். டென்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?
- வாசகி, திருச்சி

பத்திரிகை பதிலுக்குக் காத்திருக்காம ஏற்கனவே டாக்டரைப் பாத்திருப்பீங்கன்னு நம்பறேன், மத்தவங்களுக்காக சொல்றேன். சம்பந்தம் இருக்கலாம். புல் புதர்ல இருக்கற கண்ணுக்கே தெரியாத பூச்சி கடிச்சு ஸ்க்ரப் டைபஸ்னு ஒரு காய்ச்சல் வரும், நம்ம மாநிலத்துல குளிர் மாசங்கள்ல அதிகம். கடிச்ச இடத்துல சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு கருப்புப் புண், வலிக்காது, அதனால பிள்ளை சொல்லாது. அக்குள், தொடை இடுக்கு, காது பின்னாடி, ஜட்டி எலாஸ்டிக் ஓரம் எல்லாம் வெளிச்சத்துல பாருங்க. புண் இல்லாமயும் வரும். சீக்கிரம் கண்டுபிடிச்சா சாதாரண ஆன்டிபயாட்டிக்லயே சரியாகும், விட்டா நுரையீரல் வரைக்கும் போகும்.

போறவங்க புல்லுல நேரா உக்காராதீங்க, முழுக்கை சட்டை, பேன்ட்டை சாக்ஸுக்குள்ள விடுங்க, திரும்பி வந்ததும் துணிய எல்லாம் சுடுதண்ணியில அலசி குளிக்க வைங்க. பூச்சி க்ரீம் ரெண்டு மாசத்துக்குக் கீழ உள்ள குழந்தைக்குக் கூடாது, பெரிய பிள்ளைக்கும் உள்ளங்கையில தடவாதீங்க, வாயில வெச்சுக்கும். காய்ச்சல்னு போகும்போது மூணு நாள் காய்ச்சல்னு மட்டும் சொல்லிட்டு நிக்காதீங்க, மலையில டென்ட்ல தங்கினோம், எந்த தேதியிலன்னு டாக்டர்கிட்ட நீங்களே முதல்ல சொல்லுங்க, அவர் கேக்கற வரைக்கும் இருக்காதீங்க.