ஏஜென்சி எடுத்த மசாலா கம்பெனி நொடித்துவிட்டது: டெபாசிட் திரும்ப வருமா?

கேள்வி: கொருக்குப்பேட்டையில் வசிக்கிறேன். மசாலாப் பொடி, சத்துமாவு, ஊறுகாய் தயாரித்து, கடைகளுக்குப் போடாமல் எங்களைப் போன்ற பெண்களை வைத்து வீடு வீடாக விற்ற ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு ஏரியா ஏஜென்ட்டாக இருந்தேன். 60,000 ரூபாய் டெபாசிட் கட்டியிருக்கிறேன். நான்கு மாதக் கமிஷன் பாக்கி. தீபாவளி பலகாரச் சீட்டு என்று அக்கம்பக்கத்தில் மாதாமாதம் வசூலித்தும் கட்டினேன். இப்போது ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது. மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள் என்கிறார்கள். கம்பெனி தீர்ப்பாயத்தில் கேஸ் என்று பேப்பரில் விளம்பரமும் வந்திருக்கிறது. கடனுக்கு எடுத்த சரக்கு கொஞ்சம் வீட்டில் இருக்கிறது. என் பணம் வருமா? சீட்டுப் பணத்தை நான் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

பதில்: பேப்பரில் வந்த அந்த விளம்பரத்தை உடனே தேடி எடுங்கள். உங்கள் கெடு அதில்தான் இருக்கிறது. மஞ்சள் நோட்டீஸ் என்பதெல்லாம் தனி ஆளோ பார்ட்னர்ஷிப்போ நொடிக்கும்போது நடப்பது. சென்னையில் அதற்கு இன்னமும் 1909ஆம் ஆண்டுச் சட்டம்தான், உயர் நீதிமன்றம்தான். உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்பதால் 2016ஆம் ஆண்டு திவால் சட்டத்தின் கீழ் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கிறது. தீர்ப்பாயம் ராஜாஜி சாலையில்தானே இருக்கிறது என்று அங்கே போய் நிற்க வேண்டாம். கம்பெனியின் பொறுப்பு இப்போது 'ரெசல்யூஷன் புரொஃபஷனல்' என்ற அதிகாரியிடம் போயிருக்கும். சுருக்கமாக ஆர்.பி. என்பார்கள். அவருடைய முகவரி, இமெயில், எந்தத் தேதிக்குள் கோரிக்கை அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கும். பேப்பர் கிடைக்காவிட்டால் திவால் வாரியத்தின் இணையதளத்தில் கம்பெனி பெயரைப் போட்டுத் தேடலாம்.

முதலில் வரும் இடைக்கால ஆர்.பி. நியமிக்கப்பட்ட நாளிலிருந்து 14 நாள்தான் கெடு. தவறவிட்டால் வழக்கு ஏற்கப்பட்ட நாளிலிருந்து 90 நாள் வரை அனுப்பலாம். அனுப்பக் கட்டணம் எதுவும் கிடையாது. "நான் வாங்கித் தருகிறேன், பிராசஸிங் ஃபீஸ் கட்டுங்கள்" என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். சிவில் கோர்ட்டுக்கு ஓடுபவர்களைப் பார்த்துக் கலங்க வேண்டாம். வழக்கு ஏற்கப்பட்டதுமே தடைக்காலம் தொடங்கிவிடும். கம்பெனி மீது பண வசூல் வழக்கு போட்டாலும் அது நகராது.

அடுத்து டெபாசிட். இதில்தான் உங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். டெபாசிட், கமிஷன் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி ஃபார்ம் பி-யில் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். ஃபார்ம் பி என்பது சரக்கும் சேவையும் கொடுத்து பாக்கி வரவேண்டியவர்களுக்கானது. கடன் கொடுத்தவர்களுக்கு ஃபார்ம் சி. பணம் பிரிக்கும் வரிசையில் ஃபார்ம் சி ஆட்கள் முன்னால் நிற்பார்கள். அடமானம் வைத்துக்கொள்ளாமல் கடன் கொடுத்தவர்களுக்கும் இது பொருந்தும்.

அதனால் டெபாசிட் ரசீதையும் ஏஜென்சி ஒப்பந்தத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு விஷயத்தைத் தேடுங்கள்: டெபாசிட்டுக்கு வட்டி உண்டு என்று எங்காவது எழுதியிருக்கிறதா? 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு பீர் கம்பெனி வழக்கில் தீர்ப்பு சொன்னது. ராஞ்சியில் விற்பனையைப் பெருக்க நியமிக்கப்பட்ட ஒரு நிறுவனம் வட்டிக்கு உட்பட்டு செக்யூரிட்டி டெபாசிட் கட்டியிருந்தது. ஒப்பந்தத்தின் தலைப்பு என்னவாக இருந்தாலும் அந்தப் பணம் கடன்தான், கட்டியவர் ஃபைனான்ஷியல் கிரெடிட்டர்தான், அதாவது கடன் கொடுத்தவர்தான் என்றது நீதிமன்றம். உங்கள் காகிதத்திலும் "ஆண்டுக்கு இத்தனை சதவீதம்" என்ற வரி இருந்தால் 60,000-ஐயும், வழக்கு ஏற்கப்பட்ட தேதி வரையிலான வட்டியையும் ஃபார்ம் சி-யில் கேளுங்கள். வட்டிப் பேச்சே இல்லையென்றால் ஃபார்ம் பி-யோடு திருப்திப்பட வேண்டியதுதான். கமிஷன் எப்படியும் ஃபார்ம் பி. சம்பளத்துக்குப் பொடி அரைத்த, பேக்கிங் செய்த பெண்கள் உங்கள் பக்கம் இருந்தால் அவர்களுக்கு ஃபார்ம் டி என்று சொல்லுங்கள். அவர்கள் வரிசையில் உங்களைவிட மேலே இருக்கிறார்கள், கடைசி 24 மாதக் கூலி வரை.

சரி, எவ்வளவு வரும்? உண்மையைச் சொன்னால், ஃபார்ம் பி-க்குப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். கம்பெனியை யாராவது வாங்கி நடத்த முன்வந்தால், கலைத்து விற்றிருந்தால் உங்களுக்கு என்ன கிடைத்திருக்குமோ அதற்குக் குறையாமல் தர வேண்டும் என்பதுதான் சட்டம். பழைய அரவை மெஷினும் வாடகைக் கட்டடமும் மட்டுமே உள்ள கம்பெனியில் வங்கிக் கடன் போக மீதம் என்ன இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அதற்காக அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு அந்தச் சில்லறையும் கிடையாது.

கம்பெனி உங்களுக்கு செக் கொடுத்து அது திரும்பியிருந்தால் கதை வேறு, இயக்குநர் மீது செக் வழக்கு போட வழியுண்டு. தடைக்காலம் கம்பெனிக்குத்தான், கையெழுத்துப் போட்ட இயக்குநருக்கு இல்லை என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் செக் பணத்தைக் கேட்டு நீங்கள் அனுப்பிய நோட்டீஸின் 15 நாள் கெடு, தடைக்காலம் தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். 2025இல் ஒரு மொத்த விநியோகஸ்தரின் வழக்கு இந்த இடத்தில்தான் தோற்றது.

வீட்டில் இருக்கும் சரக்குக்கு வந்த பில்லின் தலைப்பைப் பாருங்கள். 'டாக்ஸ் இன்வாய்ஸ்' என்றிருந்தால் பெரும்பாலும் சரக்கு உங்களுடையது, பணம் மட்டும்தான் பாக்கி. தேதி முடியாத பாக்கெட்டுகளை விற்கலாம். சத்துமாவு வெயிலிலும் புழுக்கத்திலும் சீக்கிரம் வண்டு வைத்துவிடும், அதைப் பிரித்துப் பார்க்காமல் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். 'டெலிவரி சலான்' மட்டும் இருந்தால் சரக்கு கம்பெனியுடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பாக்கெட் எண்ணிக்கை, பேட்ச் எண்ணோடு பட்டியல் போட்டு, போட்டோ எடுத்து, ஆர்.பி.க்கு எழுதிக் கேளுங்கள். அந்தப் பாக்கியை டெபாசிட்டில் கழித்துக்கொள்ளலாம் என்று நீங்களாக முடிவு செய்யக் கூடாது. அப்படிக் கழிக்க பொதுவாக உரிமை இல்லை என்று 2024 ஜனவரியில் ஏர்டெல் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. ஏஜென்சி ஒப்பந்தத்திலேயே "சரக்குப் பாக்கி டெபாசிட்டில் ஈடுசெய்யப்படும்" என்பது போன்ற வரி இருந்தால் மட்டும் அதைச் சுட்டிக்காட்டி வாதாட இடமுண்டு.

இனி பலகாரச் சீட்டு. வசூல் அட்டையில் கம்பெனி பெயர் அச்சாகி, கம்பெனி முத்திரை விழுந்திருந்தால், நீங்கள் வசூலித்துக் கட்டிய ஏஜென்ட் மட்டுமே. பொதுவாக உங்கள் கைப்பணத்தைக் கேட்க முடியாது. அவரவர் தன் அட்டை நகலோடு ஃபார்ம் பி அனுப்பட்டும். சரக்குக்குக் கொடுத்த முன்பணமும் அந்த வகைதான் என்று சென்னை மெட்ரோ ரயில் வேலை சம்பந்தப்பட்ட வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெறும் நோட்டுப் புத்தகத்தில் உங்கள் கையெழுத்து மட்டும் இருந்தால் அவர்கள் உங்களைத்தான் கேட்பார்கள், கேட்கவும் உரிமை உண்டு. அந்த நிலையில் கம்பெனிக்குக் கட்டிய ஒவ்வொரு ரசீதும் ஜி-பே பதிவும் உங்களுக்கு வேண்டும். போனை மாற்றும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

சீட்டு குறிப்பிட்ட காலத்துக்குத் தவணையாகக் கட்டுவதாக இருந்து, முடிவில் கட்டியதைவிட அதிகமாக எதையாவது தருவதாகச் சொல்லியிருந்தால், 1997ஆம் ஆண்டு தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்க வழியிருக்கிறது. வட்டியைப் பொருளாகத் தந்தாலும் அந்தச் சட்டத்தில் அது டெபாசிட்தான். புகாரில் உங்கள் பெயரும் வரக்கூடும் என்பதால், அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து நீங்களே முதலில் போவது நல்லது.

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். உங்களுக்கு வந்த கமிஷன் பொடி விற்றதற்கா, கீழே ஆள் சேர்த்ததற்கா? ஆள் சேர்த்ததற்கென்றால் அது 1978ஆம் ஆண்டின் பணச் சுழற்சித் தடைச் சட்டத்துக்குள் வரும். 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளும் அதைத் தடுக்கின்றன. அப்படியிருந்தால் ஃபார்ம் அனுப்புவதற்கு முன் ஒரு வக்கீலிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் பேசினால் எங்கே போவது என்று சொல்வார்கள். போகும்போது ஒப்பந்தம், டெபாசிட் ரசீது, ஒரு வருட பேங்க் ஸ்டேட்மென்ட், பேப்பர் விளம்பரம் நான்கையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரிஜினலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.