ஆர்டர் மெயில் எங்கே போகிறது?

கேள்வி: குமுளியில் ஏலக்காய், மிளகுக் கடை வைத்திருக்கிறேன். டொமைன் வாங்கியது ஒரு நிறுவனத்தில், வெப்சைட் ஹோஸ்டிங் இன்னொன்றில். சமீபத்தில் மெயிலை மட்டும் கூகுளுக்கு மாற்றினோம். போடியிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் அனுப்புகிற மெயில் ஒழுங்காக வருகிறது. எங்கள் வெப்சைட்டின் ஆர்டர் படிவத்திலிருந்து வர வேண்டியது மட்டும் வருவதில்லை. ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனல் பக்கத்தில் 'லோக்கல்', 'பேக்கப்', 'ரிமோட்' என்று கேட்கிறது. எதை வைப்பது?

பதில்: 'ரிமோட்' வையுங்கள்; மெயில் வாங்குவது வேறு சர்வர் என்று அதற்கு அர்த்தம். அதற்கு முன்னால் வராமல் போன ஆர்டர்களைத் தேடுங்கள். அவை உங்கள் ஹோஸ்டிங் சர்வரிலேயே கிடக்க நிறைய வாய்ப்பு உண்டு.

காரணம் இதுதான். வெப்சைட் இருக்கும் சர்வரிலேயே மெயில் அனுப்புகிற மென்பொருளும் ஓடுகிறது. படிவம் ஒரு மெயிலை அதனிடம் கொடுத்ததும், 'இந்த டொமைனுக்கு மெயில் வாங்குவது நான்தானா?' என்று அது தன் அமைப்பைப் பார்க்கும். அங்கே 'லோக்கல்' என்றிருந்தால், டொமைனின் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் உங்கள் எம்.எக்ஸ் பதிவை அது பார்ப்பதே இல்லை. கூகுளுக்கு அனுப்பாமல் தன்னிடமே வைத்துக்கொள்ளும். வெளியூர்க்காரர்களின் சர்வர் எம்.எக்ஸ் பதிவைப் பார்த்து அனுப்புகிறது, அதனால் அவர்கள் மெயில் மட்டும் வந்து சேர்கிறது.

சிபேனலில் 'ஈமெயில் அக்கவுண்ட்ஸ்' போய், பழைய முகவரிக்கு எதிரே 'செக் ஈமெயில்' அழுத்துங்கள். முகவரி இன்னும் அங்கே இருந்தால் ஆர்டர்கள் வரிசையாக இருக்கும். எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளும் வரை அந்தப் பெட்டியை அழிக்காதீர்கள். முகவரியை முன்பே நீக்கியிருந்தால், 'அப்படி ஒருவர் இங்கே இல்லை' என்று மெயில் திரும்பியிருக்கும். அப்போது வெப்சைட்டே ஆர்டர்களைச் சேமித்து வைக்கிறதா என்று அதன் நிர்வாகப் பக்கத்தில் பாருங்கள்.

அப்புறம் 'ஈமெயில் ரூட்டிங்' பக்கத்தில் 'ரிமோட் மெயில் எக்ஸ்சேஞ்சர்' தேர்ந்தெடுங்கள். 'தானாகக் கண்டறி' என்றும் ஒன்று இருக்கும். டொமைன் ஓரிடம், ஹோஸ்டிங் ஓரிடம் என்று இருக்கிற உங்களுக்கு அதை நம்பி விட வேண்டாம் என்பது என் கருத்து. 'பேக்கப்' உங்களுக்குத் தேவையில்லை.

எம்.எக்ஸ் பதிவையும், உங்கள் டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்.பி.எஃப் பதிவையும் எங்கே திருத்துவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். டொமைன் நிறுவனத்தின் பக்கத்திலும் ஹோஸ்டிங் பக்கத்திலும் ஒரே மாதிரி பட்டியல் இருக்கும். நடைமுறையில் செல்லுபடியாவது ஒன்றுதான். டொமைன் கணக்கில் 'நேம்சர்வர்', அதாவது இந்தப் பதிவுகளை வெளியே சொல்லும் சர்வர், என்ன பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அது எந்த நிறுவனத்துடையதோ அங்கே திருத்தினால்தான் பலன் உண்டு. பழைய ஹோஸ்டிங்கின் எம்.எக்ஸ் அங்கே மிச்சமிருந்தால் நீக்கிவிடுங்கள். ரூட்டிங் மாற்றம் உடனே பலிக்கும். பதிவு மாற்றத்துக்கு டி.டி.எல் (மற்ற சர்வர்கள் பழைய பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரம், விநாடிகளில்) எவ்வளவோ அவ்வளவு நேரம் ஆகும். 14400 என்று இருந்தால் நான்கு மணி நேரம்.

இதோடு விடக்கூடாது. ரூட்டிங் சரியானதும் ஆர்டர் மெயில் கூகுளுக்குப் போகும், ஆனால் ஸ்பாமில் விழலாம். அதை அனுப்புவது ஹோஸ்டிங் சர்வர், உங்கள் எஸ்.பி.எஃப் பதிவில் கூகுள் மட்டும் இருந்தால் அந்த சர்வர் அனுமதி இல்லாத ஆள். இருக்கிற பதிவிலேயே சர்வரின் ஐ.பி முகவரியையும் சேருங்கள். தனியாக இரண்டாவது எஸ்.பி.எஃப் பதிவு போடவே போடாதீர்கள்: ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் சோதனை இரண்டுக்குமே தோற்றுவிடும். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயிலுக்கு அனுப்புகிற எவருக்கும் எஸ்.பி.எஃப் அல்லது டிகிம் (மெயிலில் டொமைன் போடும் டிஜிட்டல் கையொப்பம்), இரண்டில் ஒன்றாவது கட்டாயம். முடிந்தால் இரண்டும் வையுங்கள்.

படிவத்தின் 'ஃப்ரம்' இடத்தில் வாடிக்கையாளர் முகவரி இருந்தால் அதையும் மாற்றுங்கள். அங்கே உங்கள் டொமைன் முகவரி, 'ரிப்ளை டு'வில் வாடிக்கையாளர் முகவரி.

கடைசியாக, படிவத்தில் நீங்களே ஓர் ஆர்டர் போடுங்கள். வந்த மெயிலை ஜிமெயிலில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்தினால், எஸ்.பி.எஃப் எதிரே 'பாஸ்' என்று இருக்க வேண்டும். கார்த்திகை பிறந்து ஐயப்ப பக்தர்கள் கூட்டம் குமுளியில் தொடங்குமுன் இதை முடித்துவிடுங்கள்; கடையில் நெரிசல் இருக்கும்போது காணாமல் போன ஆர்டரைத் தேட நேரம் இருக்காது.