மகாகனி விதை முதல் கரையான் புற்று வரை: கேள்வி பதில்

இயற்கையின் உத்தியைப் பார்த்து, அதை வைத்து அறிவியல் கண்காட்சிக்கு மாதிரிகள் செய்வது: ஒன்பது, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு சில வருடமாக இந்த வேலை. எனக்குத் தெரிந்தது இயந்திரப் பக்கம் மட்டும். மருந்து, விவசாயம் என்னிடம் வேண்டாம்.

அரசுப் பள்ளி ஆசிரியை: வகுப்பில் 42 பேர். லேப் கிடையாது. எதில் ஆரம்பிக்கலாம்?

மகாகனி விதையில், டீச்சர். வெயில் காலத்தில் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும். மாடிப்படியிலிருந்து ஒன்றை விடச் சொல்லுங்கள். முதலில் கல் மாதிரி விழும், பிறகு சுழலப் பிடிக்கும், இறக்கம் மெதுவாகும். காரணத்தை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். விதையை விரல்மேல் வைத்து எங்கே சாயாமல் நிற்கிறது என்று பார்க்கட்டும். எடை ஒரு முனையில் இருப்பது அவர்களுக்கே பிடிபடும்.

அப்புறம் பழைய கல்யாணப் பத்திரிகையில் இறக்கை வெட்டி, முனையில் களிமண் உருண்டை. விடும் உயரமும் உருண்டையின் எடையும் மாறக் கூடாது. இறக்கை நீளம் மட்டும் 4, 6, 8 செ.மீ. ஒவ்வொன்றையும் ஐந்து தடவை விட்டு, செல்போனில் நேரம் பாருங்கள். நீள இறக்கை துவளும்போது "சார், ஓரத்துல ஈர்க்குச்சி ஒட்டலாமா?" என்று ஒருவன் கேட்பான். "விதையில எந்த ஓரம் தடிப்பு, தடவிப் பாருடா" என்பேன். வடிவமைப்புப் பாடம் அங்கேதான் ஆரம்பம்.

பதினொன்றாம் வகுப்பு மாணவி: தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததைக் காட்ட தெர்மாகோலில் தாமரை செய்கிறோம். சரியா சார்?

அது அலங்காரம்மா. அதே மாதிரி தண்ணீர் ஒட்டாத சேப்பங்கிழங்கு இலையில் சாம்பல் தூவி ஒரு சொட்டுத் தண்ணீர் விடு. சொட்டு சாம்பலை வாரிக்கொண்டு உருளும். அதே இடத்தை விரலால் அழுத்தித் தேய்த்துவிட்டு இன்னொரு சொட்டு விடு. மெழுகுப் பூச்சு போனதும் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும். அந்த வித்தியாசத்தைப் படம் எடு.

ஒரு அப்பா: கரையான் புற்று மாதிரி அட்டை வீடு செய்தோம். உள்ளே குளிரவே இல்லை. ஜிம்பாப்வேயின் ஹராரேயில் இப்படிக் கட்டடமே இருக்கிறதே?

ஈஸ்ட்கேட், 1996, கட்டடக்கலைஞர் மிக் பியர்ஸ் வடிவமைத்தது. நல்ல கட்டடம், மறுக்கவில்லை. ஆனால் அங்கே இரவுக் குளிர்க்காற்றை விசிறிகள் உள்ளே தள்ளுகின்றன. குளிர்ந்த கான்கிரீட் பகல் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. உங்கள் அட்டைச் சுவர் எதை வாங்கும்? புற்று ஒரு ஏசி என்பதும் பழைய நம்பிக்கை. கூட்டின் வெப்பம் சுற்றியுள்ள மண்ணோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது என்று ஆய்வாளர்கள் ஸ்காட் டர்னரும் ரூபர்ட் சோரும் 2008-இல் எழுதினார்கள். புற்று மூச்சுவிடத்தான்.

அதே அப்பா: அப்போ அந்த உதாரணமே தப்பா?

புரிதல் தப்பு, கட்டடம் சரி. இரண்டும் ஒன்றல்ல.

கட்டடக்கலை மாணவர்: புற்றுக்குள் காற்றே ஓடாது என்கிறீர்களா?

நான் எங்கே அப்படிச் சொன்னேன், தம்பி? ஓடுகிறது. நம் ஊரில் வரிவரியாக முட்டுக் கொடுத்த மாதிரி நிற்கும் புற்றை ஆய்வாளர் ஹன்டர் கிங்கும் கூட்டாளிகளும் அளந்து 2015-இல் எழுதினார்கள். பகலில் வெளி முட்டுகள் சீக்கிரம் சூடாவதால் அங்கே காற்று மேலேறி, நடுவில் இறங்குகிறது. இரவில் ஓட்டம் தலைகீழ். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் கரியமில வாயு வெளியேறுகிறது. களிமண்ணில் செய்து, வெயிலில் வைத்து, ஊதுபத்திப் புகையை விட்டுப் பாருங்கள். உயிருள்ள புற்றை மட்டும் இடிக்காதீர்கள், பாம்பு குடியிருக்கும்.

ஆசிரியர்: முருங்கை விதையால் தண்ணீர் தெளியவைப்பது இதில் சேருமா?

சேராது சார். அது இயற்கைப் பொருளைப் பயன்படுத்துவது. நாம் பேசுவது இயற்கையின் உத்தியை எடுப்பது. வேதியியல் ஆசிரியரைக் கேளுங்கள்.

ஒரு மாணவன்: மீன்கொத்தி மூக்கு ரயில் செய்தோம், வேகம் கூடவில்லை.

ஜப்பானில் புல்லட் ரயிலுக்கு அந்த மூக்கு வந்தது சுரங்கப் பாதையில் நுழையும்போது எழும் அழுத்த அலையைக் குறைக்க. உன் பொம்மைக்குச் சுரங்கம் எங்கே?

இன்னொரு அம்மா: கண்காட்சியில் எது பரிசு வாங்கும்?

மூன்றாவது தடவையாகக் கேட்கிறார்கள். தெரியாதும்மா.

அதே அப்பா: இன்று ராத்திரி அட்டை வீட்டில் தெர்மாமீட்டர் வைக்கலாமா?

வையுங்கள். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. உள்ளே ஒரு செங்கல்லையும் வைத்து ஜன்னலைத் திறந்து விடுங்கள். காலையில் மூடிவிட்டு மணிக்கொரு தடவை குறித்துக்கொள்ளுங்கள். நாளை எண்களோடு வாருங்கள், சண்டையைத் தொடரலாம்.